மாறுநீளச் சர அளபுரு: ஆர்பிஜி மொழியில் பிழை காணல்

மாறுநீளச் சரம் என்பது எழுத்துகளோடு தன் நடப்பு நீளத்தையும் சேர்த்தே வைத்திருக்கும் தரவு வகை. 1988இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வெளிவந்து, இன்று ஐபிஎம் ஐ என வழங்கும் கணினி அமைப்பின் ஆர்பிஜி மொழியில் இதை வேரியிங் என்ற சிறப்புச்சொல்லால் அறிவிப்பார்கள். ஒரு செயல்முறையிலிருந்து இன்னொன்றுக்கு இச்சரத்தை அளபுருவாக, அதாவது பாராமீட்டராக, அனுப்பும்போது நேரும் பிழைகள் அத்தொழிலில் பழையவை, இன்றும் தீராதவை.

20 எழுத்து கொள்ளும் மாறுநீளச் சரம் நினைவகத்தில் 22 பைட் இடம் பிடிக்கிறது. முதல் 2 பைட்டில் நீளம் ஓர் எண்ணாக இருக்கும். எழுத்துகள் 3ஆம் பைட்டில் தொடங்கும். உச்ச நீளம் 65,535ஐத் தாண்டினால் நீளத்துக்கு 4 பைட் ஒதுக்கப்படும். அளபுருவாக அனுப்பும்போது வழக்கமாகப் போய்ச் சேருவது சரத்தின் முகவரி மட்டுமே. அங்கே இருப்பது எந்த வகைத் தரவு என்ற செய்தி கூடவே போவதில்லை. அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் அந்த இடத்தை வேறு வேறு விதமாக அறிவித்திருந்தால், இருவரும் தத்தம் அறிவிப்பின்படியே அதைப் படிப்பார்கள்.

அதே அமைப்பின் கட்டளை மொழியான சிஎல்லிலிருந்து அழைக்கும்போது இந்த முரண்பாடு அடிக்கடி நிகழ்கிறது. சிஎல்லில் மாறுநீள வகையே கிடையாது. அங்கே எழுத்து மாறி ஒன்றைத் தொடக்க மதிப்பு தராமல் அறிவித்தால் அது இடைவெளிகளால் நிரம்பியிருக்கும். இந்த அமைப்பு எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் எப்சிடிக் குறிமுறையில் இடைவெளியின் மதிப்பு 64. முதல் இரண்டு இடைவெளிகளை ஆர்பிஜி செயல்முறை நீளமாக எடுத்துக்கொண்டால் 64×256+64, அதாவது 16,448 என்ற எண் கிடைக்கும். ‘ஏ’, ‘பி’ என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தொடங்கும் சரமானால் நீளம் 49,602. இரண்டு சுழிகளில் தொடங்கினால் 61,680. பிழைதிருத்தியில் இந்த எண்களில் ஒன்று கண்ணில் பட்டால் வேறெங்கும் தேட வேண்டாம்: நிலைநீளச் சரம் ஒன்று மாறுநீளச் சரத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது.

அந்த எண் அறிவித்த உச்ச நீளத்தைத் தாண்டினால் நிரல் 115 என்ற நிலைக்குறியுடன் நின்றுவிடும். அது நல்லதே. ஆனால் உச்சம் 20,000 என்று தாராளமாக அறிவித்திருந்தால் 16,448 செல்லத்தக்க நீளமாகிவிடுகிறது. செயல்முறை தன்னுடையதல்லாத நினைவகத்தைச் சத்தமில்லாமல் படித்துக்கொண்டே போகும். அதுவே மிக ஆபத்தான வடிவம்.

சிஎல் பக்கத்தில் தீர்வு எளிது. 20 எழுத்துச் சரத்துக்கு 22 பைட் மாறியை அறிவித்து, முதல் 2 பைட்டில் பின் என்ற உள்ளமைச் செயற்கூற்றால் நீளத்தை எழுதி, 3ஆம் பைட்டிலிருந்து எழுத்துகளை வைத்தால் போதும்.

மறுபுறமும் நிகழ்வதுண்டு. மாறுநீளச் சரத்தை நிலைநீளமாகப் படிக்கும் செயல்முறைக்கு எழுத்துகள் இரண்டு இடம் வலப்பக்கம் தள்ளித் தெரியும்; முன்னால் அச்சிட முடியாத குறிகள் நிற்கும்.

பெறும் செயல்முறை 100 எழுத்து என்றும் அழைப்பவர் 50 என்றும் அறிவித்திருந்தால், 80 எழுத்தைத் திருப்பி எழுதும்போது அடுத்திருக்கும் மாறிகள் அழிகின்றன. சிறிய சரங்களையும் ஏற்கும் வார்சைஸ் விருப்பத்தைப் பயன்படுத்துவோர் இதை மறக்கக் கூடாது. நடப்பு நீளம் தெரிவதால் கொள்ளளவும் தெரிந்துவிடாது; அதைத் தனி அளபுருவாகவோ, அளபுருவின் வகையையும் நீளத்தையும் அழைப்போடு சேர்த்துத் தெரிவிக்கும் செயல்பாட்டு விவரிப்பி வழியாகவோ பெற வேண்டும்.

அழைக்கப்படும் செயல்முறை மதிப்பை மாற்றாது என்று சொல்லும் கான்ஸ்ட் சிறப்புச்சொல்லோடு அறிவித்த அளபுருவில் நிரல்பெயர்ப்பியே வகையை மாற்றித் தருகிறது. ஆயினும் 30 எழுத்து நிலைநீள மாறியை அனுப்பினால் பின்னிருக்கும் இடைவெளிகளும் சேர்ந்து நீளம் 30 ஆகும். ஒப்பீட்டில் இது தெரியாது. இணைக்கும்போதுதான் நடுவில் வெற்றிடம் தலைகாட்டும். அனுப்புமுன் வலப்பக்க இடைவெளிகளை நீக்குவதே முறை.

பிழை தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அளபுருவின் முகவரியில் உள்ள பைட்டுகளைப் பதினாறடிமான வடிவில். முதல் நான்கு இலக்கம் 4040 என்றிருந்தால் அது நீளமன்று, இரண்டு இடைவெளிகள். காரணம் புரியாமல் இடைவெளி நீக்கும் கட்டளைகளை அங்கங்கே ஒட்டுவது பிழையை இடம் மாற்றுமே தவிரத் தீர்க்காது.

செயல்முறையின் அளபுருக்களை விவரிக்கும் முன்மாதிரி அறிவிப்பை ஒரே பொதுக் கோப்பில் எழுதி, அழைக்கும் நிரலிலும் செயல்முறை எழுதப்பட்ட நிரலிலும் அதையே சேர்த்தால் நிரல்பெயர்ப்பி முரண்பாட்டைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும். 7.1 வெளியீடு முதல் செயல்முறை எழுதப்பட்ட நிரலில் முன்மாதிரி கட்டாயமில்லை. பிற நிரல்கள் அழைக்கும் செயல்முறைகளுக்கு இந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள்.