முன்சென்றோர் காட்டிய வழி

கல்வி வரலாற்றை எழுதுவோர் பள்ளி திறந்தவர் பெயரையும் பணம் தந்தவர் பெயரையும் தவறாது எழுதி வைக்கின்றனர். எந்தப் படிப்பில் சேரலாம், எந்த நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஏழை மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயரோ பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அத்தகையோரைப் பற்றிச் சில செய்திகளை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

அண்ணல் அம்பேத்கர் 1907ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாயில் ஒரு பூங்காவில் தனியே அமர்ந்து படிக்கும் வழக்கமுடைய அம்மாணவரைக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் பள்ளி ஆசிரியர் கவனித்து வந்தார். தேர்ச்சியைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அத்துடன் அவர் கடமை முடிந்தது என்று எண்ணவில்லை. கல்லூரிப் படிப்பின் இடையில் தந்தையாரால் செலவைத் தாங்க இயலாத நிலை வந்தபோது, மாணவரை உடன் அழைத்துச் சென்று பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் முன் நிறுத்தினார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் முல்லர் என்ற பேராசிரியர் புத்தகங்களை இரவல் தந்தார், உடையும் தந்தார்.

பணம் மன்னருடையது. அது இருக்குமிடம் அறிந்து பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒரு வாத்தியார். நாமும் அத்தொழிலில் இருப்பதால் இச்செய்தியைச் சற்று அழுத்திச் சொல்கின்றோம் என்று வாசகர் கருதினால், அதில் தவறில்லை.

1913இல் அதே மன்னரின் உதவியால் அண்ணல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பொருளியல் பேராசிரியர் செலிக்மன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்கு அண்ணல் புறப்பட்டபோது, அங்குப் பாடம் சொல்லி வந்த பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்கு அறிமுகக் கடிதம் எழுதியவர் செலிக்மன். புதிய நாட்டில், தெரிந்தவர் ஒருவருமில்லாத இடத்தில், ஒரு தாள் கடிதத்தின் மதிப்பு என்ன என்பதை அதைப் பெற்றவரே அறிவார்.

இதே இலண்டன் பள்ளியில் பின்னாளில் இன்னொரு கடிதமும் எழுதப்பட்டது. கேரளத்து உழவூரில் வறிய குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன் டாட்டா உதவித்தொகை பெற்று அங்குச் சென்று படித்தார். படிப்பு முடிந்து தாயகம் திரும்பும்போது பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி, பண்டித நேருவுக்கு ஒரு கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பினார். 1949இல் நாராயணன் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்தார். 1997இல் குடியரசுத் தலைவரானார். அறிவும் உழைப்பும் அவருடையவை. ஆயினும் அக்கடிதம் இல்லாதிருப்பின், எந்தக் கதவைத் தட்டுவது என்று அறியவே அவருக்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

வாயில் வரை கொண்டுபோய் விட்டால் போதுமா? 1917இல் அண்ணல் பரோடாவில் உயர்பணி ஏற்கச் சென்றார். தங்க வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சிகளின் விடுதியொன்றில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளுடன் வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். கொலம்பியாவில் கற்றவருக்கே இந்நிலை. 2007இல் பேராசிரியர் தோரட் தலைமையிலான குழு, தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நம் மாணவர்கள் வேறுபடுத்தி நடத்தப்படுவதை எழுத்தில் பதிவு செய்தது. இடம் கிடைத்த பின்னும், உள்ளே உடன் நின்று தாங்குவதற்கு ஒருவர் வேண்டும் என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

தமக்குக் கிடைத்ததை அண்ணல் தம்மோடு வைத்துக் கொள்ளவில்லை. 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார்; மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறக்கப்பட்டது. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், தாழ்த்தப்பட்டோர் குறைகளைத் தொகுத்து மனு அளித்தார். அதன் பயனாக அரசு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கியது. 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையே, மாறுதல்கள் பல பெற்று, இன்று நம் பிள்ளைகள் வாங்கும் தொகையாக நிற்கிறது. 1945இல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தோன்றியது. பகலில் அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்வோரும் படிக்கும்படி அங்கே காலை நேரத்தில் வகுப்புகள் நடந்தன.

இத்தனைக்கும் பிறகு, 1956 மார்ச் மாதம் ஆக்ராவில் பேசிய அண்ணல், படித்துப் பதவி பெற்றோர் தம் மக்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று மனம் நொந்தார். இதைப் பலரும் மேடையில் எடுத்துச் சொல்லிப் படித்தவர்களைச் சாடுவதுண்டு. நாம் அவ்வளவு எளிதாகச் சாட விரும்பவில்லை. நகரில் வாடகை வீடு வேண்டிச் சாதியை மறைத்து வாழ்பவருக்கு, ஊரிலிருந்து ஒரு பையன் வீடு தேடி வருவதே அச்சம் தரும். பரோடா விடுதி இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. அந்த அச்சத்தைத் தனி மனிதன் தனியே வெல்வது கடினம். அதற்கே சங்கம் வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் முன்னோடிகள் குறைவில்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். எம். சி. ராஜா ஆசிரியராயிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். என். சிவராஜ் வழக்கறிஞர்; சட்டக் கல்லூரியில் பேராசிரியர்; 1945இல் சென்னை மேயர். சைதாப்பேட்டையில் எம். சி. ராஜா பெயரால் விளங்கும் விடுதியில் தங்கிப் படித்தோரைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தேர்வு எழுதலாம், எந்த நூலை வாங்கலாம் என்பதை அவர்கள் மூத்த மாணவரிடமே கற்றிருப்பர். அவரை 'அண்ணன்' என்பார்கள். 'மெண்டர்' என்று இன்று ஆங்கிலத்தில் சொல்லப்படுபவர் அந்த அண்ணன்தான்.

இதனை ஓர் அமைப்பாகச் செய்யும் முயற்சிகளும் நடந்துள்ளன. 1978இல் கன்சிராம் உருவாக்கிய பாம்செஃப், சமுதாயத்திற்குத் திருப்பித் தருதல் என்ற கருத்தை அரசு ஊழியரிடையே பரப்பியது. அமெரிக்காவின் சிகாகோவில் 1970இல் தோன்றிய இன்ரோட்ஸ் அமைப்பு, கறுப்பின மாணவரைக் கல்லூரிக் காலத்திலேயே நிறுவனங்களில் பயிற்சிக்குச் சேர்த்து, அங்குள்ள அலுவலரை வழிகாட்டியாக்கியது. இங்கே அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் முதல் தலைமுறை மாணவருக்குத் துணை நிற்கின்றனர். மகாராட்டிரத்தில் ஏகலவ்யா அறக்கட்டளை இப்பணியைச் செய்கிறது. தமிழக அரசும் 2022 முதல் 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' ஆகிய திட்டங்களை நடத்தி வருகிறது. நல்லவைதாம். ஆனால் மண்டபத்தில் ஒரு நாள் கேட்ட சொற்பொழிவு, விடுதி அறையில் மூன்றாம் மாதம் அழுது கொண்டிருக்கும் பெண்ணுக்கு எட்டாது.

இனி நம் ஊர். தளவாய்புரத்தில் நைட்டி தையல், இராஜபாளையத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் வாரக் கூலி கையில் ஏறிவிட்டால், கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. படிக்கப் போகும் பிள்ளையும், பக்கத்து வீட்டு அக்கா எடுத்த பாடத்தையே எடுக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை எப்போது பெறுவது என்று தெரியாமல் உதவித்தொகையை இழந்தோரை நம் பணிக்காலத்தில் ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம். மதிப்பெண் குறைந்து தோற்றவர்களை விட, தேதி தவறித் தோற்றவர்களே நம் நினைவில் அதிகம்.

நம் தெருக்களிலிருந்து சென்ற செவிலியர், வங்கி ஊழியர், பொறியாளர், வழக்கறிஞர் இன்று மதுரையிலும் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றனர். அவர்களிடம் சங்கம் பணம் கேட்கவில்லை. மாதம் இருமுறை ஒரு மாணவருடன் அரைமணி நேரம் தொலைபேசியில் பேசவும், ஆண்டுக்கொருமுறை அவர் படிக்குமிடம் சென்று பார்க்கவும் இசைவு கேட்கிறது. சாதியை வெளியே சொல்ல இயலாத நிலையிலுள்ளோர் தொலைபேசியோடு நிறுத்திக் கொள்ளலாம். அவர்கள் பெயர் வெளியே தெரியாது.

இவ்வாண்டு கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் பெயர்கள் சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, படிக்க விரும்பும் துறையை அடுத்து, ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணி முதல் அலுவலகம் திறந்திருக்கும்.