கென்வுட் மாளிகையின் இன்னொரு பெண்

ஸ்காட்லாந்தின் ஸ்கோன் அரண்மனையில் ஓர் இரட்டை உருவப்படம் இருக்கிறது. இளஞ்சிவப்பு கவுன் அணிந்து, கையில் புத்தகத்தோடு இருப்பவள் எலிசபெத் மர்ரி. அவளைக் கடந்து ஓடப் பார்ப்பவள்போல் முன்சாய்ந்து நிற்கிறாள் ஒரு கறுப்பினப் பெண். வெள்ளை சாட்டின் உடை, கழுத்தில் முத்துமாலை, தலைப்பாகையில் தீக்கோழி இறகு, கையில் பழக்கூடை. ஒரு விரல் அவளுடைய கன்னத்தையே சுட்டுகிறது. எலிசபெத்தின் கை அவள் கையைப் பற்றியிருக்கிறது. அந்தப் பிடி அவளை இழுத்து நிறுத்துகிறதா, தள்ளிவிடுகிறதா என்று விமர்சகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு வேண்டியது அவள் பெயர் எப்படித் தொலைந்தது என்பது.

படம் வரையப்பட்டது 1779ஐ ஒட்டி. அப்போது இருவரும் லண்டனின் கென்வுட் மாளிகையில் வாழ்ந்தார்கள். 1904இல் எழுதப்பட்ட பொருள் பட்டியல் எலிசபெத்தைப் பட்டப்பெயரோடும் கணவர் குடும்பப் பெயரோடும் குறிக்கிறது. பக்கத்தில் நிற்பவள் அதற்கு வெறும் கறுப்பினப் பணிப்பெண். பட்டியல் எழுதியவர் முத்துமாலையைப் பார்க்கவில்லையா? பணிப்பெண்ணுக்கு ஏது முத்துமாலை?

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டுக் கணக்கைப் பார்ப்பதே வழி. கென்வுட்டின் கணக்குப் பேரேடு இருக்கிறது. அதில் டைடோ என்ற பெண்ணுக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு 10 ஷில்லிங் போகிறது. சம்பளமாக அல்ல, கைச்செலவுக்கு. பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் தனியே கொடுத்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லாதபோது கழுதைப்பால் வாங்கிய செலவுகூட எழுதியிருக்கிறது. வீட்டு வேலைக்காரி அந்தக் காலத்தில் வாங்கியதைப்போல் இது சில மடங்கு. ஆனால் எலிசபெத்துக்கு 100 பவுண்டு. ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்த இருவருக்கும் இடையே இருந்த தூரத்தை எந்த ஓவியரையும்விட இந்தக் கணக்கர் துல்லியமாக வரைந்திருக்கிறார்.

அடுத்த தடயம் ஒரு நாட்குறிப்பு. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் 1779 ஆகஸ்டில் கென்வுட்டுக்கு விருந்துக்குப் போனார். சாப்பாடு முடிந்த பிறகு ஒரு கறுப்பினப் பெண் வந்து சீமாட்டிகளோடு உட்கார்ந்ததையும், அவர்களில் ஒருத்தி அவளோடு கைகோத்துத் தோட்டத்தில் உலாவியதையும் முகம் சுளித்தபடி எழுதி வைத்தார். வெறுப்பில் எழுதியதுதான், ஆனாலும் ஆய்வாளனுக்கு அது புதையல். சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இடமில்லை, காபிக்கு உண்டு என்பதை வேறு யார் குறித்து வைத்திருப்பார்கள்?

1766 நவம்பரில் புளூம்ஸ்பரி செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் டைடோவுக்கு ஞானஸ்நானம் ஆனது. வயது ஐந்து. பதிவேட்டில் தாய் மரியா. தகப்பன் பெல் என்ற ஒருவர். அப்படி ஒருவர் இருந்ததற்குத் தடயம் இல்லை. உண்மைத் தகப்பன் கடற்படை அதிகாரி சர் ஜான் லிண்ட்சே. தாய் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். லிண்ட்சேயின் தாய்மாமன் லார்டு மான்ஸ்ஃபீல்ட் கென்வுட்டின் உரிமையாளர், இங்கிலாந்தின் தலைமை நீதிபதி. அடிமையைக் கட்டாயப்படுத்தி இங்கிலாந்திலிருந்து வெளியேற்ற முடியாது என்று 1772இல் தீர்ப்பளித்தவர். 1793இல் அவர் இறந்தபோது, உயிலில் டைடோவுக்கு 500 பவுண்டும் ஆண்டுக்கு 100 பவுண்டும் இருந்தன. கூடவே, அவள் சுதந்திரமானவள் என்ற உறுதிமொழியும். அத்தனை பெரிய நீதிபதிக்கே தன் வீட்டுப் பெண்ணின் சுதந்திரத்தை எழுத்தில் வைக்காமல் நம்பிக்கை வரவில்லை.

இத்தனை காகிதங்களையும் படத்தோடு சேர்த்துப் பார்க்க 1980கள்வரை ஆயிற்று. ஜீன் ஆடம்ஸ் 1984இல் லண்டனின் கேம்டன் வட்டார வரலாற்று இதழில் எழுதிய கட்டுரை அவளை டைடோ எலிசபெத் பெல்லாக மீட்டுத் தந்தது. ஓவியர் விஷயம் இன்னும் தாமதம். யோஹான் ஸோஃபனி என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2018இல் ஒரு பிபிசி நிகழ்ச்சிக்காக நடந்த ஆய்வு டேவிட் மார்ட்டின் என்று சொன்னது.

2021இல் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு, மறக்கப்பட்ட கறுப்பின மனிதர்களின் உருவப்படங்களை, அவர்களோடு தொடர்புள்ள இடங்களிலேயே வைப்பதற்காக வரையச் சொன்னது. கென்வுட்டுக்காக மிக்கேலா ஹென்றி-லோ டைடோவை வரைந்தார். இந்தப் படத்தில் எலிசபெத் இல்லை. என் கணக்கில் இது வெறும் அலங்காரம் இல்லை. 1904ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு எழுதிய திருத்தம்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி பாக்கி. லிண்ட்சே 1770 வாக்கில் ஆற்காடு நவாப் முகமது அலியிடம் ஆங்கில மன்னரின் தூதராக மதராஸ் வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டித் திருப்பி அழைக்கப்பட்டவர். டைடோ 1793இல் ஜான் டேவினியரை மணந்தாள், 1804இல் இறந்தாள். அவள் மகன் சார்லஸ் அதே கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்தான். தாத்தா வந்த ஊருக்கே பேரனும் வந்திருக்கிறான். தமிழில் இதை நான் எங்கும் படித்ததில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாணத்தின் ராணுவத் துறைப் பதிவுகள் இருக்கின்றன. வேறு வேலையாக அந்தக் கட்டுகளைப் பிரிப்பவர்கள் டேவினியர் என்ற பெயரைக் கண்டால், எழுத்து முன்னே பின்னே இருந்தாலும், பக்க எண்ணோடு குறித்து வையுங்கள்.