பின்னத்துக்கு மூன்று பெயர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் டியூஷன் ஆசிரியர்

மலேசியத் தமிழர் பேச்சில் டியூஷன், எழுத்தில் பிரத்தியேக வகுப்பு. பள்ளி நேரம் முடிந்தபின், பள்ளிப் பாடத்தையே இன்னொருவர் மறுபடி சொல்லிக்கொடுப்பதற்கு வழங்கும் பெயர்கள் இவை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இந்த வேலை வெறும் மறுபடி சொல்லலாக இருந்ததில்லை. பிள்ளை வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியில் கேட்கும் மொழி இன்னொன்று, தேர்வுத்தாள் அச்சாகும் மொழி வேறொன்று என்பதே இங்கே நெடுங்கால வழக்கம். இந்த இடைவெளி எங்கே விழுந்திருக்கிறது என்று கண்டறிந்து, பிள்ளையைக் கைபிடித்துக் கடத்திவிடத் தெரிந்தவரே இங்கு நல்ல டியூஷன் ஆசிரியராக மதிக்கப்பட்டார். இடைவெளி இடம் மாறியபோதெல்லாம் அவரும் வேறு ஆளாக மாற வேண்டியிருந்தது.

கதை ரயிலோடு தொடங்குகிறது. சிலாங்கூரின் தலைநகரம் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைக்கும் ரயில் பாதை திறந்தது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கே குடியேறியவர்களில் யாழ்ப்பாணத்தவர் பலர். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த அவர்களுக்கு ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர் நாற்காலி கிடைத்தது. நாற்காலியைத் தந்தது ஆங்கிலம் என்பதை அவர்கள் ஒருநாளும் மறக்கவில்லை. 1904-இல் அவர்கள் எழுப்பிய விவேகானந்த ஆசிரமம் வாசகசாலையாகவும் விளங்கியது. 1914-இல் அதன் சார்பில் பள்ளியும் தோன்றியது. 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன், 1897-இல் தொடங்கிய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி ஆகிய ஆங்கிலப் பள்ளிகளில் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைச் சேர்ப்பது அந்த வீடுகளின் முதற்கடமையாக இருந்தது.

அக்காலத்துப் பெருந்தேர்வு கேம்பிரிட்ஜ் தேர்வு. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்த் திருத்தப்பட்டு வந்தன. மாணவனை ஒருபோதும் காணப்போகாத ஒருவருக்கு எழுதும் விடையில் இலக்கணப் பிழை கூடாது, கையெழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் இருக்க வேண்டும். எழுத்தர் வேலைக்கு வேண்டியவையும் இவையே. ஆகவே வீட்டிலிருந்த எழுத்தரே வீட்டு ஆசிரியராகவும் இருக்க முடிந்தது. தகப்பனோ மாமனோ மாலையில் பிள்ளையின் கட்டுரை நோட்டைத் திருத்தினால் போதும், கூலி கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை. பின்னாளில் டியூஷன் என்று விலைக்கு வந்த பொருளின் முதல் வடிவம் இதுதான்: தேர்வின் மொழியை ஏற்கெனவே கடந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருப்பது.

கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் தொழிலாளர் வீடுகளில் அப்படி ஒருவர் இல்லை. தோட்டத்துத் தமிழருக்குள்ளேயே இரண்டு உலகங்கள் இருந்தன. தோட்ட எழுத்தரான கிராணியார் வீட்டுப் பிள்ளை நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போனது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டுப் பிள்ளை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனது. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் கட்டடத்தைத் தந்தது, ஆசிரியரை எப்போதும் தரவில்லை. பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் ஓரறையில் வைத்துப் பார்த்தார்; கங்காணியோ கொஞ்சம் எழுதப்படிக்கத் தெரிந்த வேறொருவரோ வாத்தியாராக நின்ற தோட்டங்களும் உண்டு. விடியுமுன் பால்மரம் வெட்டப்போன பெற்றோருக்கு நோட்டைப் பார்க்க நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை. தொடக்கநிலையோடு படிப்பு முடிந்தது. அதற்கு மேலே ஏற ஏணியே இல்லாத இடத்தில் டியூஷனுக்கு ஏது வேலை?

ஜப்பானியர் ஆட்சியில் மூன்றரை ஆண்டுகள் பாழானபின் முதல் மாற்றம் வந்தது. 1945-க்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பியவர்களில் பலர் வகுப்புக்கு மீறிய வயதினர். அரசுப் பள்ளி இடம் தராதபோது தனியார் பள்ளிகளும் மாலை வகுப்புகளும் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. அதைவிடப் பெரிய மாற்றம் 1965-இல் வந்தது. இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு அதற்கு முந்திய ஆண்டு கைவிடப்பட்டு, தொடக்கப்பள்ளி முடித்த எல்லாருக்கும் மூன்றாம் படிவம் வரை வழி திறந்தது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், ரிமூவ் எனப்பட்ட ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கடந்து, கூட்டங்கூட்டமாக முதற்படிவத்தில் நுழைந்தனர். கதவு அகன்றது நன்மைதான். ஆனால் சல்லடை மூன்றாண்டு தள்ளிப் போயிற்றே ஒழிய எடுபடவில்லை. மூன்றாம் படிவத்து எல்.சி.இ. தேர்வில் தோற்றவன் பதினைந்து பதினாறு வயதில் பள்ளிக்கு வெளியே நின்றான். தமிழ்க் குடும்பங்கள் பிறரைத் தேடி டியூஷனுக்குப் போகும் வழக்கம் இந்தச் சல்லடையை அஞ்சியே பரவலாக வேரூன்றியது.

அப்போது அந்த மாணவனுக்கு என்ன தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதத்தைத் தமிழிலேயே கற்றவன் அவன். பின்னம், சராசரி, விழுக்காடு மூன்றும் அவனுக்கு நன்றாகவே தெரியும். இடைநிலைப்பள்ளி மலாய்க்கு மாறியபின் அதே மூன்றும் பெச்சாஹான், புராத்தா, பெராத்துஸ் என்ற பெயர்களில் அவன் முன் வந்து நின்றன. கணக்குத் தெரியாதவன் என்று பள்ளியில் ஒதுக்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு உண்மையில் கேள்விதான் புரியவில்லை. இதைப் பிரித்தறியத் தெரிவதே நல்ல ஆசிரியரின் முதல் திறமை. அறியாதவர் வாய்ப்பாட்டிலிருந்து மறுபடி தொடங்குவார். அறிந்தவர் கேள்வியை வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் பிள்ளையின் கண் தடுக்குகிறது என்று பார்ப்பார், தமிழில் விளக்குவார், விடையை மலாயில் எழுதச் சொல்வார்.

1969 மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு கல்வி அமைச்சு ஆங்கிலப் பள்ளிகளைப் படிப்படியாக மலாய் மொழிக்கு மாற்றியது. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மாற்றம், ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 1976-இல் முதற்படிவத்தையும் 1980-இல் ஐந்தாம் படிவத்தையும் 1982-இல் ஆறாம் படிவத்தின் முடிவையும் எட்டியது. பிரிக்பீல்ட்ஸ் வீடுகளின் பழைய பலம் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கரைந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வில் சிறந்து நின்ற தகப்பனுக்கு மகனின் அறிவியல் நோட்டு எட்டவில்லை. எழுத்தர் வீட்டுப் பிள்ளையும் லயத்து வீட்டுப் பிள்ளையும் முதன்முறையாக ஒரே குறையோடு நின்றார்கள் என்று சொல்லலாம். மலாயில் படித்துத் தேறிய இளைய தலைமுறை, பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர் இடத்துக்கு வந்தனர்.

அந்த இளைஞர்களை ஓர் இயக்கமாகத் திரட்டியது ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த முனைவர் தம்பிராஜா 1982-இல் இதைத் தொடங்கினார். மலாய்வழிக் கல்வி ஆறாம் படிவத்தை முழுமையாக எட்டிய அதே ஆண்டு. வார இறுதிகளில் வாடகையின்றிக் கிடைத்த இடங்களில் வகுப்புகள், குறைந்த கட்டணம், கற்பிப்பவர்களில் பெரும்பகுதியினர் பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரித் தொண்டர்களும் என்பதே அதன் அமைப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கி நாடெங்கும் நிலையங்கள் பரவின. இங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர் திரும்பி வந்து கற்பிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இதை நெடுங்காலம் உயிரோடு வைத்தது. ஆண்டுதோறும் பத்துமலையில் நடக்கும் கல்வி யாத்திரையில் தேர்வெழுதும் மாணவர்கள் பெற்றோருடன் திரள்வது இதன் தனி அடையாளம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழகிய மக்களிடம் படிப்பையும் ஒரு நேர்த்திக்கடனாக ஆக்கிய வழி இது. மண்டபம் நிறைந்த கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பார்க்க இயலாது என்ற குறை உண்டு. ஆனால் தன் தோட்டத்திலிருந்து எவரும் பல்கலைக்கழகம் போய்ப் பார்த்திராத பிள்ளைக்கு, தன்னைப்போலவே பேசும் ஒரு மருத்துவ மாணவர் எதிரே நின்று பாடம் நடத்துவது எந்த நோட்டுத் திருத்தலுக்கும் குறைந்ததன்று.

1990-களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. சீபீல்ட் தோட்டம் 1970-களிலேயே சுபாங் ஜெயாவாக உருமாறத் தொடங்கியிருந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்ட நிலத்திலும் புதிய நகரம் எழுந்தது. தோட்டப் பிள்ளைகள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். கடைவீடுகளின் மேல்மாடிகளில் டியூஷன் நிலையங்கள் திறந்தன. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இவற்றைத் தனியார் கல்வி நிறுவனங்களாகப் பதிவுசெய்யப் பணித்தது. இனி டியூஷன் ஒரு தொழில். தேர்வில் வரக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே சொல்பவர் என்ற புகழே சிலருக்கு முதலீடாயிற்று. தேர்வுக்கு முந்திய வாரங்களில் கருத்தரங்குகளில் நூற்றுக்கணக்கானோர் கூடினர். ஊகித்த கேள்வி வந்துவிட்டால் ஆசிரியருக்குப் பெயர். வராவிட்டால் இழப்பு மாணவனுக்கு மட்டுமே. இந்த முறையை நல்ல கற்பித்தலாகக் கொள்ள இடமில்லை.

பள்ளியைப் பின்தொடரும் இந்த ஏற்பாட்டுக்கு நிழல் கல்வி என்ற பெயரை உலகெங்கும் பரப்பியவர் ஹாங்காங்கிலிருந்து ஆய்வு செய்த மார்க் பிரே. அவருடைய நூலை யுனெஸ்கோ அமைப்பு 1999-இல் வெளியிட்டது. அதற்கு முன்பே அந்த உருவகத்தைக் கையாண்டவர்களில் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. மாரிமுத்துவும் அவருடைய குழுவினரும் உண்டு. மலேசிய டியூஷன் பற்றிய அவர்களது ஆய்வு 1991-இல் வெளிவந்தது. பள்ளி பெரிதானால் நிழலும் பெரிதாகும், பாடத்திட்டம் மாறினால் நிழலும் மாறும் என்பது அந்த உருவகத்தின் பொருள். அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரை, ஓர் ஆசிரியர் ஒரு மாணவன் என்ற முறையில் கற்றவர்கள் வகுப்பறையில் கற்றவர்களை வெகுவாக விஞ்சினர் என்றது. பின்வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆயினும் அதன் காரணம் தெளிவானது. தனியாக அமர்ந்த மாணவனின் பிழை அந்த நிமிடமே பிடிபடுகிறது. கடைவீட்டு மாடியில் நாற்பது பேரை அடைத்து நடத்திய வகுப்புக்கு டியூஷன் என்ற பெயர் இருந்தது. இந்தப் பலன் இல்லை.

2003-இல் இடைவெளி மறுபடி இடம் மாறியது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. பின்னத்துக்கு ஃபிராக்‌ஷன் என்ற மூன்றாவது பெயர் கிடைத்தது. 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தம்பி இன்னொரு மொழியிலும் கணக்குப் படித்தார்கள். அண்ணனின் நோட்டு தம்பிக்கு உதவவில்லை. மூன்று பெயர்களையும் நாவில் வைத்திருந்த ஆசிரியருக்கே அக்காலத்தில் மதிப்பு. 2013 முதல், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் பெற மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயமானது. மனப்பாடப் பாடமாகக் கருதப்பட்ட வரலாற்றுக்கும் அதனால் டியூஷன் பெருகியது.

தமிழ்ப் பாடத்தின் கதை வேறு வகை. இடைநிலைப்பள்ளியில் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்பது பழைய விதி. ஆசிரியர் கிடைக்காமலும் கால அட்டவணையில் இடமில்லாமலும் அது பல பள்ளிகளில் ஏட்டளவில் நின்றது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுக்க விரும்பிய மாணவர்களுக்குக் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ஆசிரியர்கள் சனி, ஞாயிறுகளில் ஊதியமின்றி வகுப்பெடுத்தனர். தேர்வுக்குப் பத்துப் பாடங்களே எடுக்கலாம் என்று 2009-இல் அரசு அறிவித்தபோது முதலில் பறிபோகக்கூடியது இலக்கியம்தான் என்பதால் தமிழமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மேலும் இரண்டு பாடங்களுக்கு இடம் தரப்பட்டது. வேலை வாய்ப்புக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ நேரடியாக உதவாத பாடத்துக்காக ஓய்வுநாளை விட்டுக்கொடுத்த இந்த ஆசிரியர்களை டியூஷன் வரலாற்றின் மிக உயர்ந்த இடத்தில் வைக்கலாம். அவர்கள் கடத்த வேண்டிய இடைவெளி மொழிக்கும் மொழிக்கும் இடையில் இல்லை. வீட்டுப் பேச்சுத் தமிழுக்கும் செய்யுள் தமிழுக்கும் இடையில் இருந்தது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் மாடி வகுப்புகள் ஒரே வாரத்தில் கைப்பேசித் திரைக்கு மாறின. இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்த அடுக்குமாடி வீடுகளுக்கு அது எட்டவில்லை. 2021-இல் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022-இல் மூன்றாம் படிவ பி.தி.3 தேர்வும் நீக்கப்பட்டன. எல்.சி.இ. காலத்திலிருந்து டியூஷனைத் தூண்டிய இடைத்தேர்வுகள் இவற்றோடு மறைந்தன. அதன்பின் தமிழ்ப்பள்ளியில் நுழைந்த பிள்ளைக்கு முதல் பெரிய பொதுத்தேர்வாக நின்றது ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். அதுவரையிலான ஆண்டுகளில் பிள்ளை எங்கே தடுக்கியது என்று காட்டிய பொதுத்தேர்வு முடிவு பெற்றோர் கையில் இல்லாமற்போயிற்று. முன்பு தேர்வு முடிவைப் பார்த்து டியூஷன் ஆசிரியரைத் தேடினார்கள். இந்த மாற்றத்துக்குப் பின், பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுதச் சொல்லிப் பார்த்து, குறையை ஆசிரியரே கண்டு பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.