மறைவதற்கென்றே எடுக்கப்பட்ட படங்கள்

புகைப்படக் கலை பிறந்தபோது அதைப் பிறப்பித்தவர்களை வாட்டிய கவலை ஒன்றே. பதிந்த படம் நிலைக்கவில்லை. இங்கிலாந்தின் தோமஸ் வெட்ஜ்வூட் வெள்ளி நைத்திரேற்று பூசிய தாளிலும் தோலிலும் உருவங்களைப் பதித்தார். அச்சோதனைகளை ஹம்ப்ரி டேவி 1802ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். ஆயினும் பகல் வெளிச்சம் பட்டதும் அவ்வுருவங்கள் கறுத்து அழிந்தன. நிழலிலோ விளக்கொளியிலோதான் அவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. ஜோன் ஹேர்ஷல் காட்டிய இரசாயன வழி 1839இல் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே படம் நிலைபெற்றது.

வெட்ஜ்வூட்டின் தோல்வியை இரு நூற்றாண்டுகள் கழித்து ஒரு வியாபாரப் பொருளாக்கியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர். இவான் ஸ்பீகல், பொபி மேர்பி, ரெஜி பிரவுண் என்போரே அவர்கள். கையடக்கத் தொலைபேசியில் அனுப்பும் படம், பெறுபவர் பார்த்த சில விநாடிகளில் மறைந்துவிடும் செயலியை 2011 ஜூலையில் 'பிக்காபூ' என்ற பெயரில் வெளியிட்டனர். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருந்தமையால் 2011 செப்டெம்பரில் பெயர் 'ஸ்னப்சாட்' என மாறியது. அந்த மற்றைய நிறுவனத்தின் தொழில் என்ன தெரியுமா? மக்களின் படங்களை அச்சிட்டு, காலமெல்லாம் வைத்திருக்கத்தக்க அல்பங்களாகக் கட்டிக்கொடுப்பது!

தென் கலிபோர்னியாவின் உயர்பாடசாலை மாணவரிடையே செயலி முதலில் பரவியது. பேஸ்புக்கில் பெற்றோரும் ஆசிரியரும் வந்து சேர்ந்துவிட்ட காலம் அது. அங்கு இட்ட படமொன்று பல வருடங்களின் பின்னரும் தேடிவந்து சங்கடப்படுத்தலாம் என்பதை இளைஞர் உணரத் தொடங்கியிருந்தனர். தடயமின்றிப் பேசிச் சிரிக்க அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 2013இல் பேஸ்புக் 3 பில்லியன் டொலருக்கு இந்நிறுவனத்தை வாங்க முன்வந்ததாகவும், ஸ்பீகல் மறுத்துவிட்டதாகவும் செய்திகள் வெளியாயின.

ஆனால் படங்கள் உண்மையிலேயே மறைந்தனவா? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014 மே மாதத்தில் இதற்கு விடையளித்தது. வேறு செயலிகளைக் கொண்டு அப்படங்களைச் சேமித்துவைக்க முடிந்தது. பயனாளரின் தொலைபேசியிலிருந்த தொடர்பு விபரங்களும் அவர்களுக்குத் தெரிவிக்கப்படாமலே திரட்டப்பட்டன. மறையும் என்ற வாக்குறுதி ஏமாற்று என ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. இணக்கத்தின்படி 20 ஆண்டுகளுக்குச் சுயாதீனக் கண்காணிப்பை நிறுவனம் ஏற்க நேர்ந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2014 புத்தாண்டு பிறந்த வேளையில், சுமார் 46 இலட்சம் பயனாளரின் பெயர்களும் தொலைபேசி இலக்கங்களும் இணையத்தில் கசிந்திருந்தன.

மறைக்கப்பட முயன்றது படம் மாத்திரமன்று. மூவரில் ஒருவரான பிரவுண், செயலி வெளிவந்த சில வாரங்களிலேயே வெளியேற்றப்பட்டார். மறையும் படம் என்ற எண்ணமே தன்னுடையது எனக் கூறி 2013 பெப்ரவரியில் அவர் வழக்குத் தொடுத்தார். 2014 செப்டெம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தபோது, மூல எண்ணம் அவருடையதே என்பதை நிறுவனம் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. அவருக்கு வழங்க இணங்கிய தொகை 157.5 மில்லியன் டொலர் என்பது, 2017இல் பங்குச்சந்தைக்கு வரும்பொருட்டு நிறுவனம் சமர்ப்பித்த ஆவணத்தில் வெளிப்பட்டது. நிறுவனத்தின் தொடக்கக் கதையிலிருந்து அழிந்திருக்கக்கூடிய ஒரு மனிதரை ஆவணங்களே மீட்டுத் தந்தன.

இதற்கிடையில் செயலியின் தன்மையும் மாறியது. 2013 ஒக்டோபரில் 24 மணிநேரம் நிலைக்கும் 'ஸ்டோரிஸ்' வந்தது. 2016 ஓகஸ்டில் இன்ஸ்டகிராம் அதே பெயரிலேயே அதைப் பின்பற்றியது. 2016 ஜூலையிலோ, மறைவதையே முதலாகக் கொண்ட ஸ்னப்சாட், படங்களைச் சேமித்துவைக்கும் 'மெமொரிஸ்' வசதியைத் தானே கொண்டுவந்தது. மறதியை விரும்பி வந்தவர்களுக்கும் நினைவு தேவைப்பட்டது போலும்!

தம் இளமைத் தவறுகளை உலகம் மறந்துவிட வேண்டும் என்று விரும்பாதவர் யார்? அவ்விருப்பத்தில் பிழையில்லை. அந்த மறதியை விலைக்கு வாங்கலாம் என்று நம்புவதிலேதான் ஆபத்து உண்டு. வெட்ஜ்வூட் எவ்வளவோ முயன்றும் படத்தை நிறுத்திவைக்க முடியவில்லை. இன்று பெறுபவர் கையில் இன்னொரு கெமரா இருந்தாலே போதும், படம் நிலைத்துவிடும். அனுப்புமுன் ஒரு விநாடி சிந்திப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பை எந்தச் செயலியும் இதுவரை தரவில்லை.