சோஷு ஐவர்: குடுமியை அறுத்துவிட்டுப் படிக்கப் போனவர்கள்

வெளிநாட்டில் படிக்கப் போவதென்றால் இன்றைக்கு என்னவெல்லாம் வேண்டும்? பாஸ்போர்ட், விசா, ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண், வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம். 1863-ல் ஜப்பானில் இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது. ஏனென்றால் போகவே கூடாது! நாட்டைவிட்டு வெளியே போகிறவனுக்கு மரண தண்டனை என்று 1630-களில் டோக்குகாவா ஷோகன் ஆட்சி போட்ட சட்டம் அப்போதும் அமலில் இருந்தது. அது தெரிந்தே ஐந்து இளைஞர்கள் கப்பலேறி லண்டன் போனார்கள். 'சோஷு ஐவர்' என்று வரலாறு இவர்களைச் சொல்கிறது.

சோஷு என்பது ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷுவின் மேற்குக் கோடியில் இருந்த ஒரு சிற்றரசு. ஐவரின் பெயர்கள்: இட்டோ ஹிரோபூமி, இனோவே கவோரு, யமாவோ யோசோ, எண்டோ கின்சுகே, இனோவே மசாரு. இரண்டு இனோவேக்கள் இருப்பதால் குழப்பம் வரும், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எல்லோருக்கும் வயது பத்தொன்பதிலிருந்து இருபத்தேழுக்குள்.

இவர்கள் மேல்நாட்டு மோகம் பிடித்தவர்கள் என்று நினைத்தால் தவறு. விஷயம் நேர் எதிர். 'அந்நியனை விரட்டு' என்பதுதான் அன்றைய சோஷு சாமுராய்களின் கோஷம். இட்டோ, இனோவே கவோரு, யமாவோ மூவரும் 1863 ஜனவரியில் எடோவில் (இன்றைய டோக்கியோ) கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தவர்கள். ஐந்தே மாதத்தில் அதே பிரிட்டனுக்குப் படிக்கக் கிளம்பினார்கள். எதிரியின் கப்பலையும் பீரங்கியையும் வாளால் வெல்ல முடியாது, அவற்றைச் செய்யக் கற்றால்தான் உண்டு என்ற கணக்கு அது. சோஷு பிரபுவும் கண்டும் காணாமல் இருந்தார். ஒரு பக்கம் ஜூன் 25 அன்று ஷிமோனோசெகி ஜலசந்தியில் அமெரிக்கக் கப்பலைச் சுட்டது சோஷு. இரண்டே நாள் கழித்து இந்த ஐவரும் யோகோஹாமாவில் கப்பலேறினார்கள்!

அனுப்பி வைத்தது ஜார்டின் மாத்திசன் என்ற பிரிட்டிஷ் வணிகக் கம்பெனி. ஆளுக்கு 1,000 ரியோ ஆகும் என்றார்கள். பிரபு கொடுத்தது அதில் ஒரு பங்குதான். ஆயுதம் வாங்க ஒதுக்கியிருந்த பணத்தை ஈடாகக் காட்டி மீதியைக் கடன் வாங்கினார்கள். பிறகு குடுமியை அறுத்தார்கள். ஒரு சாமுராய்க்குக் குடுமி என்பது வெறும் முடி அல்ல, அந்தஸ்து. அதை அறுத்த பின் பிடிபட்டால் சொல்லித் தப்பிக்க ஒரு காரணமும் இல்லை.

ஷாங்காயில் ஒரு வேடிக்கை. எதற்காகப் போகிறீர்கள் என்று கம்பெனிக்காரர் கேட்டார். கடற்படை பற்றிப் படிக்க என்று சொல்ல நினைத்த இனோவே கவோருவுக்கு 'நேவி' என்ற சொல் வரவில்லை, 'நேவிகேஷன்' என்று வந்தது. ஓ, கப்பலோட்டக் கற்க வந்தவர்கள் போலிருக்கிறது என்று முடிவாகிவிட்டது. பயணக் கட்டணம் கொடுத்தும் கப்பலில் மாலுமி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. பாய்மரக் கயிறு இழுப்பதும் தளத்தைக் கழுவுவதும்தான் தினப்படி வேலை. போதாக்குறைக்கு இட்டோவுக்கு வயிற்றுப்போக்கு. கப்பலின் ஓரத்தில் நீட்டியிருந்த பலகைதான் கழிப்பறை. கடலில் விழுந்துவிடாமலிருக்க நண்பனைக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டார் இனோவே. அந்தக் கயிற்றில் தொங்கியவர்தான் 1885-ல் ஜப்பானின் முதல் பிரதமர் ஆனார்.

1863 நவம்பரில் லண்டன். யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் வில்லியம்சனிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அப்போது மதக் கட்டுப்பாடுகள் இருந்தன. யுனிவர்சிட்டி காலேஜோ தொடக்கத்திலிருந்தே யாரையும் மதம் கேட்காமல் சேர்த்துக்கொண்ட இடம். வில்லியம்சன் சிலரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். சிறு வயதிலேயே ஒரு கண் பார்வையை இழந்தவர் அவர். ஆனால் அந்த நாளில் லண்டனில் இவர்களை அவரைப் போல் புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை.

படிப்பு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேல்நாடுகள் சேர்ந்து சோஷுவைத் தாக்கப்போகின்றன என்று செய்தி வந்தது. இட்டோவும் இனோவே கவோருவும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு ஓடினார்கள். சண்டை வேண்டாம், நம்மால் தாங்க முடியாது என்று சொந்த ஊர்க்காரர்களிடம் மன்றாடினார்கள். யாரும் கேட்கவில்லை. 1864 செப்டம்பரில் நான்கு நாடுகளின் 17 போர்க்கப்பல்கள் ஷிமோனோசெகியை அடித்து நொறுக்கின. பிறகு சமாதானம் பேச ஆள் தேவைப்பட்டபோதுதான் அந்த ஆறு மாத ஆங்கிலம் உதவியது.

மற்ற மூவர் தங்கிப் படித்தார்கள். இவர்களில் யமாவோவின் கதை தனி. அவருக்குக் கப்பல் கட்டப் பழக வேண்டும், அதற்கு கிளாஸ்கோ போக வேண்டும். கையில் காசில்லை. அந்தச் சமயம், 1865-ல், சாட்சுமா என்ற சிற்றரசிலிருந்தும் மாணவர்கள் திருட்டுத்தனமாக லண்டன் வந்திருந்தார்கள். சாட்சுமாவும் சோஷுவும் ஜென்மப் பகையாளிகள். முந்தைய ஆண்டுதான் கியோட்டோவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். யமாவோ போய்க் கேட்டார். ஆளுக்கு ஒரு பவுன் எடுத்துக் கொடுத்தார்கள்! ஊரில் வெட்டிக்கொள்கிறவர்கள் லண்டன் குளிரில் ஜப்பானியர்களாகிவிட்டார்கள்.

கிளாஸ்கோவில் ராபர்ட் நேப்பியரின் கப்பல் கட்டும் தளத்தில் பகலெல்லாம் பயிற்சியாளர் வேலை. மாலையில் ஆண்டர்சன் காலேஜில் வகுப்பு. இப்போது நம் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று சொல்வதை அவர் ஒரு வாளேந்தும் குலத்தில் பிறந்துவிட்டு, சுத்தியலும் கையுமாகச் செய்தார். அந்தத் தளத்தில் அவர் பார்த்த ஒரு காட்சி: காது கேளாத தொழிலாளர்கள் கையசைவிலேயே பேசிக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்தார்கள். இது அவர் மனதில் தங்கிவிட்டது. 1871-ல், பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளி வேண்டும் என்று அரசுக்கு மனு கொடுத்தார். 1880-ல் டோக்கியோவில் அப்படி ஒரு பள்ளி நடக்கத் தொடங்கியது.

ஊர் திரும்பிய யமாவோ பொதுப்பணி அமைச்சகத்தில் சேர்ந்து, பொறியியல் கல்லூரி ஒன்று வேண்டும் என்று வாதாடினார். நாட்டில் தொழிற்சாலையே இல்லை, இன்ஜினீயரை வைத்து என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, ஆளை உருவாக்குங்கள், தொழிலை அவர்கள் உருவாக்குவார்கள் என்பது அவர் பதில். 1873-ல் அதன் தலைவராக வந்த ஹென்றி டயர், அதே ஆண்டர்சன் காலேஜில் படித்தவர், வயது 24. ஆறு வருடப் படிப்பில் கடைசி இரண்டு வருடம் முழுக்கக் களப் பயிற்சி. யமாவோ கிளாஸ்கோவில் பகலும் மாலையுமாகப் பட்ட பாடு பாடத்திட்டமாகிவிட்டது எனலாம். டோக்கியோ ரயில் நிலையத்தைக் கட்டிய தத்சுனோ கிங்கோ இந்தக் கல்லூரியின் மாணவர். 1886-ல் இது டோக்கியோ பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

எல்லோரும் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐவரைத் தொடர்ந்து சோஷுவிலிருந்து வந்த யமசாக்கி கொசபுரோ, பணமின்றி, குளிரில் நோயுற்று 1866-ல் இறந்தார். லண்டனுக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டில் அவரோடு இன்னும் சில ஜப்பானிய மாணவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. பயணத் தடை நீங்கியதும் அதே 1866-ல்தான்.

இட்டோ பிரதமர், இனோவே கவோரு வெளியுறவு அமைச்சர், எண்டோ ஒசாக்கா நாணயச் சாலைத் தலைவர் என்று ஆனார்கள். ஐவரில் இளையவரான இனோவே மசாரு சுரங்கமும் ரயில்வேயும் படித்தவர். 1872-ல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ஓடிய முதல் ரயில் பாதையில் தொடங்கி, அந்நாட்டு ரயில்வேயின் தந்தை என்று பெயர் வாங்கினார். 1910-ல் ஐரோப்பிய ரயில்வேக்களைப் பார்க்கப் போன முதியவர், ஆகஸ்ட் மாதம் லண்டனிலேயே இறந்துபோனார். அவரது கல்லறை டோக்கியோவில், ஷினாகாவாவில், ரயில் தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.