கொட்டகையில் உறங்கிய டிராக்டர்



கெடா மாநிலத் தோட்ட வரலாறு என்றதும் பால்மரமும் கங்காணியும் லயமும் பெரட்டுக் களமும் நம் நினைவிற்கு வருகின்றன. டிராக்டரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வெட்டுமரத்துப் பாலைக் காண்டா வாளிகளில் சுமந்து நடந்த நம் முன்னோரின் தோள்சுமையைக் குறைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. பால் தொட்டியை இழுத்தது, உரமூட்டைகளை ஏற்றியது, மழைக்காலச் சேற்றில் லாரி போகாத மேட்டுக்கும் போனது. பெட்டியில் சிறுவர்களை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கும் வந்தது. இன்று அவ்வாறு ஏற்றினால் பெற்றோரும் காவல்துறையும் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்!

பீடோங் வட்டாரத்துப் பழைய தோட்டம் ஒன்றின் பட்டறைக் கொட்டகையில் ஒரு மாசி பெர்குசன் 135 பல ஆண்டுகளாக நின்றிருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் விலை பேசியிருந்தார். அதைத் தோட்டத்தில் ஓட்டிய பெரியவர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், "விற்பதற்கு முன் ஒருமுறை உயிர் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று உரிமையாளரிடம் கேட்டு ஒப்புதல் பெற்றார். சில சனிக்கிழமைகள் நானும் உடனிருந்தேன். அங்கு கண்டதை எழுதுவதற்கு முன் அந்த இயந்திரத்தின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும்.

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர், கலப்பையை டிராக்டரின் பின்புறம் மூன்று புள்ளிகளில் இணைத்து, நீரியல் விசையால் தூக்கி இறக்கும் முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் டிராக்டர்களின் பின்னால் காணப்படும் இணைப்பு அதன் வழிவந்ததே. அவருடைய சாம்பல் நிற டிஇ-20 வகை டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது. அதில் கியர் கம்பியையே 'எஸ்' என்னும் இடத்திற்குத் தள்ளினால்தான் இயந்திரம் முடுக்கப்படும். ஆகவே கியரில் இருக்கும்போது தவறிக்கூட முடுக்க இயலாது. எத்துணை எளிய அறிவு! எவரெஸ்ட் சிகரம் தொட்ட எட்மண்ட் ஹிலாரி, 1958 சனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இவ்வகை டிராக்டர்களில்தான். மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும்.

பெர்குசனின் நிறுவனம் 1953இல் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1958இல் மாசி பெர்குசன் என்னும் பெயர் நிலைத்தது. 1964இன் இறுதியில் சிவப்பு முகப்பும் சாம்பல் உடலுமாக 135 வெளிவந்தது. அதன் டீசல் வகையில் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இயந்திரம் இருந்தது, கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லிட்டர். சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனமும் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. கெடாவில் நம்மவர் ஓட்டிய அதே பெயர் தமிழ்நாட்டு வயல்களிலும் ஓடிற்று.

கெடாவின் வடபுலத்தில் டிராக்டர் வேறு வேலை செய்தது. 1966க்கும் 1970க்கும் இடையே மூடா, பெடு அணைகள் கட்டப்பட்டன. ஆண்டுக்கு ஒருபோகம் விளைந்த வயல்கள் இருபோகமாயின. இரு விளைச்சல்களுக்கு இடையே நாள் குறைவு, எருமையை நம்பிக் காத்திருக்க இயலாது. அறுவடை இயந்திரங்களும் பின்தொடர்ந்தன. அவை ஏழைகளின் கூலியைப் பறித்ததை, 1978 முதல் 1980 வரை அங்குள்ள சிற்றூர் ஒன்றில் தங்கிய ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்க அறிஞர் 1985இல் நூலாகவே எழுதினார். வயலுக்கு அப்படியொரு நூல் கிடைத்தது. தெற்கே நம் தோட்டத்துக் கொட்டகைகளில் நின்ற டிராக்டர்களைப் பற்றிச் சொல்ல அவற்றை ஓட்டியவர்களே இருக்கிறார்கள்.

இனிக் கொட்டகைக்கு வருவோம். நீண்டநாள் நின்ற இயந்திரத்திற்குப் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புவதே பலரும் செய்யும் முதல் வேலை. பெரியவர் பேட்டரியைப் பற்றிப் பேசவே இல்லை. "வாத்தியாரே, உள்ளே துருப் பிடித்திருந்தால் அவசரப்பட்டு முறுக்கினால் உடைந்துபோகும். முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்," என்றார். இன்ஜெக்டர்கள் மூன்றையும் கழற்றினார். சிலிண்டருக்குள் சிறிது எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். அடுத்த சனிக்கிழமை முன்புறச் சக்கரத் தட்டைக் கையால் மெல்ல அசைத்தபோது இயந்திரம் சுழன்றது. இன்ஜெக்டர்கள் இல்லாததால் காற்று அழுத்தம் தடுக்கவில்லை. அந்தச் சுழற்சியைக் கண்டதும் அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு எஞ்சின் எண்ணெயை வடித்தார். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். நல்லவேளை, கரியாகவே வந்தது. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் எண்ணெய் கெட்டிச் சேறாயிருந்தது; புகைக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. டீசல் தொட்டியின் அடியில் தண்ணீரும் கரும் பசையும் தங்கியிருந்தன. நம் நாட்டு ஈரக்காற்று பாதி நிறைந்த தொட்டிக்குள் குளிர்ந்து நீராகிறது. அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து பசையாகின்றன. ஐந்தாம் ஆறாம் ஆண்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? தொட்டியைக் கழுவி, வடிகட்டிகளை மாற்றினார்.

மிகவும் பொறுமை வேண்டிய வேலை அதன்பின் வந்தது. டீசல் குழாய்களுக்குள் காற்று நுழைந்துவிட்டால் பம்ப் எவ்வளவு அடித்தாலும் எரிபொருள் சிலிண்டருக்குப் போய்ச் சேராது. காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. ஆகவே வடிகட்டியிலும் பம்பிலும் உள்ள சிறு திருகுகளைத் தளர்த்தி, கைப்பிடியால் அடித்து அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காத்திருந்தார். இன்ஜெக்டர் முனையிலிருந்து பீறிடும் டீசலின் முன் விரலை நீட்டக்கூடாது என்று கடுமையாக எச்சரித்தார். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

கிளட்ச் தட்டு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் உயர்த்தி வைத்து, மிதிகட்டையை மிதித்தபடி பலமுறை சக்கரத்தை ஆட்டியே அதைப் பிரித்தார். பேட்டரி கடைசியில்தான் வந்தது. நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்து, முதலில் எரிபொருள் இல்லாமலேயே சுழற்றி எண்ணெயை மேலேற்றினார். ஒரு தட்டைப் பலகையை என் கையில் கொடுத்து, "நிற்காமல் வேகமெடுத்தால் காற்றுவாயை அடைத்துவிடுங்கள்," என்றார். குமிழைத் தள்ளினார். முதலில் வெண்புகை, பிறகு ஒரு சிலிண்டர், பிறகு இரண்டு, பிறகு மூன்றும்! கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. பலகைக்கு வேலை வரவில்லை.

கேடயமில்லாச் சுழல்தண்டும் கவிழ்ந்தால் காக்கும் சட்டமில்லாத இருக்கையும் இருந்ததால் மாணவர் எவரையும் அன்று நான் அழைத்துச் செல்லவில்லை. அவர்களுக்காக ஒலியைப் பதிவு செய்துகொண்டேன். 2014இல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப் பாடமாயிற்று. அப்பாடத்திற்கு ஊர்ப் பெரியவரின் வாய்மொழியைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை.

கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறின. ஓட்டியவர்கள் பட்டணங்களில் சிதறினர். பாலுக்கு எப்போது போனது, எந்த மேட்டில் கவிழும், எந்தக் கிராணி டீசல் கணக்கு எழுதினார் என்பதெல்லாம் அவர்களோடு இருக்கின்றன. பெரியவரிடம் நான் கேட்டு எழுதிய பக்கங்கள் பதினொன்று. இன்னும் பேச வேண்டியவை உண்டு என்கிறார்.

உங்கள் வட்டாரத்தில் இப்படியொன்று நின்றால், முதலில் அதன் எண் தகட்டைப் படமெடுங்கள். தயாரித்த ஆண்டை அதைக்கொண்டே அறியலாம். உரிமையாளர் விற்பனையை ஒத்திவைத்துள்ளார். பிரேக் இன்னும் பிடிக்கவில்லை. அது சீராகும்வரை வண்டி கட்டைகளின் மேலேயே நிற்கும்.