ஸ்பானிய வெள்ளியும் நோட்டக்காரரும்: பழைய கள்ள நாணயங்களை அறிவது எப்படி?

ஐதராபாத்தின் பேகம்பேட்டில் ‘ஸ்பானிஷ் மசூதி’ என்று ஊரார் அழைக்கும் பள்ளிவாசல் ஒன்று உண்டு. பலக்நுமா அரண்மனையைக் கட்டிய பாய்கா பிரபு விகார்-உல்-உம்ரா, ஸ்பெயினின் கோர்தோபாவில் கண்ட பெரும் பள்ளிவாசலை மனத்தில் கொண்டு தொடங்கிய கட்டடம் அது. அவர் 1902இல் மறைந்தார். பணி 1906இல் நிறைவுற்றது. தக்காணத்தில் ஸ்பெயினின் தடம் எது என்று கேட்டால் பலரும் இதையே சுட்டுவர். ஆனால் இதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயின் இப்பகுதிக்கு வேறொரு வடிவில் வந்து சேர்ந்திருந்தது. கோல்கொண்டா அரசின் துறைமுகமான மசூலிப்பட்டினத்தில் நங்கூரமிட்ட டச்சு, ஆங்கிலக் கப்பல்களின் பெட்டிகளில் அது வெள்ளியாக இருந்தது. மெக்சிகோவிலும் பொத்தோசியிலும் அச்சான ‘எட்டு ரியால்’ நாணயம், பிற்கால வழக்கில் ‘ஸ்பானிய டாலர்’, துணிக்கு விலையாக இங்கே இறங்கியது.

ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள இந்த நாணயத்தை மெக்சிகோ முதல் கான்டன் வரை வணிகர்கள் ஏற்றனர். எங்கும் செல்லுகின்ற நாணயத்தை எங்கும் போலி செய்யலாம். ஆகவே உலகில் மிகுதியாகக் கள்ள அச்சுக்கு உள்ளான நாணயங்களில் இதுவும் ஒன்று. இந்தியாவில் இந்த வரலாற்றை ஆராய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு: சான்று உருகிவிட்டது.

முகலாயர் ஆட்சிப்பகுதியில் அயல்நாட்டு நாணயம் நாணயமாகச் செல்லவில்லை. வெள்ளியாக நிறுக்கப்பட்டு, அக்கசாலையில் உருக்கப்பட்டு, ரூபாயாக மறுபிறவி எடுத்தது. ஆற்காட்டு ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1736இலும் சென்னையில் ஆங்கிலேயர் 1742இலும் பெற்றனர். அதன்பின் சோழமண்டலக் கரைக்கு வந்த ஸ்பானிய வெள்ளி அங்கேயே உருமாறியது. ஐரோப்பிய வழியாக மட்டுமன்றி மணிலா வழியாகவும் இவ்வெள்ளி வந்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவருமான ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரோஸ் உஸ்கான், மணிலா வாணிகத்தில் பொருள் ஈட்டியவர்.

உருகாமல் தப்பிய சான்றுகள் சில உள்ளன. 1807ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது சென்னையில் வெளியான வெள்ளி அரைப் பகோடாவின் ஒருபுறம் கோபுரமும் விண்மீன்களும், மறுபுறம் திருமாலும் இருக்கும். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் மதிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். தமிழில் அது ‘அரைப் பூவராகன்’. இந்நாணயங்களுள் சில, எட்டு ரியாலை உருக்காமல் அதன்மீதே அச்சடிக்கப்பட்டவை. கூர்ந்து நோக்கினால் தமிழ், தெலுங்கு எழுத்துகளுக்கு அடியில் ஸ்பானிய மன்னனின் பெயரெழுத்துகள் மங்கலாகத் தெரியும். பழைய ஏட்டைச் சுரண்டி அதன்மேல் புதிய நூல் எழுதியதற்கு ஒப்பானது இது.

உருக்குவதற்கு முன் ஒவ்வொரு நாணயத்தையும் யாரோ ஒருவர் சோதித்தாக வேண்டும். அவருக்குத் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் என்னும் சங்கப் புலவர் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ என்பதற்கு நாணயம் சோதிப்பவன் என்பது பொருள். பிற்கால வழக்கு ‘நோட்டக்காரர்’. இன்று ‘நோட்டம் பார்த்தல்’ எனும்போது எண்ணாமலே நாம் எடுத்தாள்வது அவரது தொழிற்சொல்லைத்தான். அரபு மொழியின் ‘சர்ராஃப்’ தமிழில் ‘சராப்பு’ என்றும் தெலுங்கில் ‘ஷராபு’ என்றும் ஆங்கிலத்தில் ‘ஷ்ராஃப்’ என்றும் வழங்கியது. ஹாங்காங்கில் கட்டணம் செலுத்தும் இடத்தை இன்றும் அப்பெயரால் குறிப்பர். தமிழ்நாட்டு ஊர்களின் காசுக்கடைத் தெருக்கள் இவர்கள் இருந்த இடங்களே.

17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவுக்குப் பலமுறை வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, இந்தியாவில் சராப்பு இல்லாத சிற்றூரைக் காண்பது அரிது என்று வியந்தார். பொன்னை உரைத்தபின் உரைகல்லில் ஒட்டியிருக்கும் துகளைக் கீலும் மெழுகும் கலந்த உருண்டையால் ஒற்றி எடுத்து, சில ஆண்டுகள் கழித்து அவ்வுருண்டையை எரித்துப் பொன்னை மீட்கும் வழக்கத்தையும் அவர் பதிவு செய்கிறார். துகளையும் விடாத இக்கண் நாணயத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றே: இதில் வெள்ளி எவ்வளவு? முகப்பிலுள்ள மன்னன் மெய்யானவனா என்பது அதற்கு அடுத்தபடி.

இக்கேள்வி எவ்வளவு பொருத்தமானது என்பதை ஸ்பெயினின் வரலாறே காட்டுகிறது. 1649இல் பொத்தோசி அக்கசாலையின் பெரும் மோசடி அம்பலமானது. வெள்ளி வணிகர் பிரான்சிஸ்கோ கோமஸ் தெ லா ரோச்சாவும் அக்கசாலைச் சோதகர் பெலிப்பே ராமிரெஸ் தெ அரேயானோவும் மரண தண்டனை பெற்றனர். அரசின் அச்சில், அரசின் கட்டடத்தில், அரசின் சோதகர் எழுத்தோடு வெளிவந்த அந்நாணயங்களில் செம்பு மிகுந்திருந்தது. அச்சில் அவை மெய், உலோகத்தில் பொய். 1652இல் நாணயத்தின் வடிவத்தையே மாற்றி நம்பிக்கையை மீட்க வேண்டியதாயிற்று.

அடுத்த நூற்றாண்டில் அரசே அதைச் செய்தது. 1772இல் மூன்றாம் கார்லோஸ் மன்னனின் உருவம் தாங்கிய புதிய நாணயம் வந்தபோது, வெள்ளியின் நேர்த்தி ஆயிரத்துக்கு ஏறத்தாழ 917இலிருந்து 903ஆகக் குறைக்கப்பட்டது. 1786இல் மீண்டும் 896ஆகக் குறைந்தது. இரண்டு ஆணைகளும் மறைவானவை. இதற்கு மாறான ஒன்றை ஐதராபாத்தில் காணலாம். நிஜாமின் ‘ஹாலி சிக்கா’ ரூபாயின் எடை 11.18 கிராம், நேர்த்தி 818. பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், நேர்த்தி 917. கணக்கிட்டால் முன்னதில் ஏறத்தாழ 9.1 கிராம் தூய வெள்ளியும் பின்னதில் 10.7 கிராமும் இருக்கும். சந்தையில் ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு பிரிட்டிஷ் ரூபாய் என்ற விகிதம் இவ்வேறுபாட்டோடு அப்படியே பொருந்துகிறது. நேர்த்தி குறைந்த நாணயத்தை எவரும் கள்ள நாணயம் என்று கூறவில்லை. அதற்குரிய வட்டத்தைக் கழித்துக்கொண்டு ஏற்றனர். குறைவு குற்றமன்று, மறைப்பே குற்றம் என்பதே காசுக்கடையின் அறம்.

அரசின் பொய்க்கு அடுத்து வருவது கள்ள அச்சாளரின் பொய். புழக்கத்தில் விடுவதற்காக அக்காலத்திலேயே செய்யப்பட்ட இப்போலிகளை இனங்காண ஐந்து வழிகள் பயன்படும்.

முதலாவது எடையும் அடர்த்தியும். நேர்த்தி 903 உடைய வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.3. செம்பின் அடர்த்தி 8.96, ஜெர்மன் சில்வரின் அடர்த்தி 8.6 அளவில் இருக்கும். நாணயத்தைக் காற்றில் ஒருமுறையும் நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்தால் போதும், நாணயத்துக்குச் சேதமில்லை. ஆயினும் ஈயம் வெள்ளியைவிடக் கனமானது. அதை அளவறிந்து கலந்தவர் இச்சோதனையை ஏமாற்ற முடியும்.

இரண்டாவது விளிம்பு. மெக்சிகோவில் 1732 முதல் பொறியில் அச்சான ‘தூண்’ வகை நாணயத்தின் விளிம்பில் இலை வரிசை ஓடும். 1772க்குப் பிந்தைய உருவ வகையில் வட்டமும் செவ்வகமும் மாறிமாறி வரும். இரண்டு இணைப்பட்டைகளுக்கு நடுவே நாணயத்தை உருட்டி, ஒவ்வொரு பட்டையும் பாதி விளிம்பைப் பதிக்குமாறு செய்தனர். ஆகவே நேர் எதிரெதிரான இரண்டு இடங்களில் வரிசை சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வார்ப்புப் போலியில் அவ்விடத்தில் வார்ப்புத் தையல் தெரியும். மலாய் மொழியில் ‘ரிங்கிட்’ என்றால் பல்பல்லான விளிம்புடையது. ஸ்பானிய டாலரின் விளிம்பே மலேசிய நாணயத்துக்குப் பெயராயிற்று. அதே நாணயத்தைப் பொருளால் குறித்து ‘வெள்ளி’ என்றனர் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர். ஒரு மொழி விளிம்பைப் பார்த்தது. மற்றொன்று உலோகத்தைப் பார்த்தது.

மூன்றாவது எழுத்து. அக்கசாலையில் அச்சுக்கட்டையின் எழுத்துகள் ஒரே தொகுதி உளிமுத்திரைகளால் குத்தப்பட்டவை. ஒரு நாணயத்தில் வரும் எல்லா ‘ஏ’ எழுத்துகளும் ஒரே அச்சாக இருக்கும். கள்ள அச்சாளர் பலர் கையால் செதுக்கினர்; எழுத்துக்கு எழுத்து வேறுபாடு தெரியும்.

நான்காவது சோதகர் பெயரெழுத்தும் ஆண்டும். மெக்சிகோவில் 1784 முதல் 1801 வரை ‘எஃப்-எம்’. 1803 முதல் 1814 வரை ‘டி-எச்’. 1805ஆம் ஆண்டு மெக்சிகோ நாணயத்தில் ‘எஃப்-எம்’ இருக்குமாயின் ஐயுற வேண்டும்.

ஐந்தாவது உலோகத்தின் பிறந்த நாள். செம்பின்மேல் வெள்ளித் தகட்டைப் பிணைக்கும் ஷெஃபீல்டு முறை 1740களில் தோன்றியது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த ஜெர்மன் சில்வர் ஐரோப்பிய ஆலைகளில் 1820களில்தான் உற்பத்திக்கு வந்தது. எனவே 1808 என்று பொறித்த நாணயம் ஜெர்மன் சில்வரால் ஆனதென்றால், அது அதில் கண்ட ஆண்டுக்கு ஒன்றரைப் பத்தாண்டேனும் பிந்தியது. இதனால் போலி என்பது மட்டுமன்றி, போலி எக்காலத்தது என்பதும் தெரியவரும்.

இவ்வைந்தையும் அறிந்தவரும் இடறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதை ஓலைச்சுவடிப் பதிப்பாளர் எளிதில் உணர்வர். பிழை தெரிந்தால் போலி என்று முடிவுகட்டுவது தவறு. மூன்றாம் கார்லோஸ் 1788 டிசம்பரில் இறந்தார். புதிய மன்னனின் உருவ அச்சு கடல்கடந்து வந்து சேராத நிலையில், 1789, 1790ஆம் ஆண்டுகளின் மெக்சிகோ நாணயங்கள் நான்காம் கார்லோஸின் பெயரையும் தந்தையின் முகத்தையும் தாங்கின. பிற்காலத்தில் நான்கு கோடுகளாக எழுதப்பட்ட ரோமன் எண், அவற்றுள் பலவற்றில் ‘ஐ-வி’ என்று காணப்படும். 1808 முதல் 1811 வரை ஏழாம் பெர்னாந்தோவின் முகமாக மெக்சிகோ அக்கசாலை பதித்தது கற்பனை முகம். 1772, 1773ஆம் ஆண்டு நாணயங்கள் சிலவற்றில் அக்கசாலைக் குறியும் சோதகர் எழுத்தும் தலைகீழாக நிற்கின்றன. இவை யாவும் மெய்யான நாணயங்கள். பிழையற்ற பாடம் பிற்காலத் திருத்தமாக இருக்கலாம். கரடுமுரடான பாடம் மூலமாக இருக்கலாம். சுவடிக்குப் பொருந்தும் இவ்விதி நாணயத்துக்கும் பொருந்தும். பிழைக்கு வரலாற்றுக் காரணம் காட்ட முடிகிறதா என்பதே வினா.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சீனத்தில் நோட்டக்காரர்கள் தாம் சோதித்த நாணயத்தில் சிறு முத்திரை குத்தினர். அங்கே கார்லோஸ் உருவத்துக்கு இருந்த மதிப்பு, வெள்ளியின் விலையையும் விஞ்சிய காலங்கள் வந்தன. அப்போது நல்ல வெள்ளியிலேயே போலி செய்வது ஆதாயமாயிற்று. உலோகம் மெய், அச்சு பொய்; பொத்தோசியின் தலைகீழ்க் கதை. அவ்வாறே நோட்டக்காரர் முத்திரை விழுந்த போலிகளும் கிடைக்கின்றன. முத்திரை ஒரு மனிதரின் தீர்ப்பு. அவரும் ஏமாந்திருக்கலாம், அம்முத்திரையே போலியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பொய் நம் காலத்தது: சேகரிப்போரை ஏய்க்கச் செய்யப்படும் புதிய போலி. பழைய கள்ள நாணயங்களுக்கே இன்று வாங்குவோர் இருப்பதால், புதிய போலி ‘அக்காலப் போலி’ என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. இங்கே ஊடுகதிர் ஒளிர்வுச் சோதனை உதவும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்பகுப்புத் தூய்மிப்பு வருவதற்கு முன், வெள்ளியில் பொன்னும் ஈயமும் சிறிதளவு எஞ்சியிருக்கும். இன்றைய தூய வெள்ளியில் அத்தடம் இராது. ஆயினும் அக்கருவி மேற்பரப்பை மட்டுமே அறியும். தகடு போர்த்திய நாணயத்தில் தகட்டை மட்டுமே கூறும். ஆகவே அடர்த்தியும் விளிம்பும் உடன்வர வேண்டும்.

பேகம்பேட்டிலிருந்து ஹுசைன் சாகரின் கரையோரமாக வந்தால் சைஃபாபாத். 1903இல் அங்கே எழுந்த அக்கசாலையின் கட்டடத்தில் 2022 முதல் அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்கு அச்சான சார்மினார் ரூபாயின் நடுவளைவில் ஓர் அரபு எழுத்து நிற்கும்: மஹ்பூப் அலி கான் காலத்தில் ‘மீம்’, உஸ்மான் அலி கான் காலத்தில் ‘ஐன்’. மெக்சிகோவின் சிறு குறிகளைப் போலவே அரசு தன் சொல்லைப் பதித்த இடம் அது. பொறி வந்தது; சீரான விளிம்பு வந்தது; கையால் சோதிப்பவரின் தேவை குறைந்தது. சராப்புகளின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாமலே மறைந்தது. குடியேற்ற அரசின் ஆவணங்கள் அவர்களை நாணய மாற்றில் ஆதாயம் பிடுங்கியவர்களாகவே பெரிதும் காட்டுகின்றன. அது முழுப் பொய்யன்று. ஆனால் அரசர் மறைத்த குறைவை எடைத்தட்டில் வைத்துக் கண்டவர்களும் அவர்களே.

எனவே அருங்காட்சியகப் பட்டியலில் ‘போலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒரு நாணயத்தை ஒதுக்குவது சான்றை இரண்டாம் முறை உருக்குவதற்குச் சமம். எடை, அடர்த்தி, விளிம்பின் ஒளிப்படம், எழுத்தமைதி, வெட்டும் முத்திரையும் விழுந்த இடம் ஆகிய இவற்றையேனும் பதிவு செய்தால், யார், எக்காலத்தில், எந்தச் சந்தைக்காக அதைச் செய்தார் என்ற கேள்விகளுக்கு வழி பிறக்கும். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்பதே சொல். கள்ளக் காசையும் நாணயத்தோடு பதிவு செய்யும் கடமை ஆய்வாளருக்கு உண்டு.